நாற்றங்காலைத் தாண்டி

தஞ்சாவூர் ஜில்லாவில் குறுவைப் பயிருக்கு ஆகாய விமானத்திலிருந்து மருந்து தெளித்த காலம் ஒன்று இருந்தது என்று இப்போது சொன்னால், அதைக் கண்ணால் கண்டவர்களைத் தவிர மற்றவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள். 1960-இல், நாட்டிலேயே முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்றாகத் தஞ்சாவூரையும் சேர்த்து, விதை, உரம், மருந்து, கடன் ஆகிய சகலத்தையும் ஒருசேர விவசாயிக்குக் கிடைக்கும்படி செய்வது என்ற தீவிர சாகுபடித் திட்டம் தொடங்கிற்று. ஜனங்கள் அதைப் 'பாக்கேஜ் திட்டம்' என்றே சொல்வார்கள். 1965-இல் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து ஆடுதுறை 27 வெளிவந்தது. ஜப்பானிய நெல் ஒன்றையும், நம்மவர் கிச்சிலிச் சம்பா என்று அழைக்கும் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து உண்டாக்கிய அந்த நெல், நூற்றைந்து நாளுக்குள் அறுப்புக்கு வந்துவிடும். சீமை உரத்தைப் போட்டால் போட்டதற்கு ஏற்பத் தழைத்துக் கருகருவென்று நிற்கும். அப்படித் தழைத்த பயிரைக் குருத்துப்பூச்சியும் தேடி வந்தது. கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு ஆள் ஒரு நாளில் இரண்டு ஏக்கரைக் கடப்பதற்குள், பூச்சி பத்து ஏக்கரைக் கடந்துவிடுகிறது என்று கண்ட பிறகுதான், அரசாங்கத்தார் விமானத்தை வரவழைத்தார்கள்.

அக்காலத்தில் நான் மாயவரத்துக்கும் குத்தாலத்துக்கும் இடைப்பட்ட சில கிராமங்களுக்கு, திட்டத்தை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் கிராம சேவக்காக இருந்தேன். மேட்டூர் அணை ஜூன் மாதத்தில் திறந்து, காவேரியில் தண்ணீர் வந்து, குறுவை நட்டு, ஆவணி பிறக்கும் சமயத்தில் பயிர் பொதிகட்டி நிற்கும்போது விமானம் வரும். ஊருக்கு வெளியே மாடு மேயும் திடல் ஒன்றைச் செதுக்கிச் சமப்படுத்தி ஓடுதளமாக்கியிருந்தார்கள். அதன் ஓரத்தில் பெட்ரோல் பீப்பாய்களும் மருந்து பீப்பாய்களும் இருக்கும். தென்னங்கீற்றுக் கொட்டகையின் நிழலில் மருந்தைத் தண்ணீரோடு கலந்து, கைப்பம்பினால் விமானத்தின் வயிற்றிலுள்ள தொட்டிக்குள் ஏற்றுவார்கள். நாங்கள் உபயோகித்தது எண்டிரின் என்ற மருந்து. பின்னாளில் இந்த நாட்டிலேயே அதைத் தடை செய்துவிட்டார்கள். அதன் நெடி உடுப்பில் ஏறினால் இரண்டு வெளுப்புக்குப் போகாது.

வயலிலே எங்களுக்கு இருந்த வேலை கொடி பிடிப்பது. மூங்கில் கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, வயலின் இந்தக் கோடியில் ஒருவரும் அந்தக் கோடியில் ஒருவருமாக நேருக்கு நேர் நிற்பார்கள். இரண்டு கொடிக்கும் இடையே நூல் பிடித்தாற்போல் விமானம் பறந்து வரும். வரும்போது தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இராது. கொடியைத் தாண்டியதும் ஜிவ்வென்று மேலே எழும்பித் திரும்பும். அது திரும்பி வருவதற்குள் நாங்கள் இருபது தப்படி நகர்ந்து நின்றுகொள்ள வேண்டும். நகர்வது எப்போதும் காற்றுக்கு எதிராகத்தான் இருக்க வேண்டும். காற்றோடு நகர்ந்தால் தெளித்த மருந்து முழுவதும் கொடி பிடிப்பவன் மேலேயே வந்து படியும். இதை எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் விமானிதான்.

அவர் பஞ்சாபிலிருந்து வந்தவர்; முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தமிழில் 'தண்ணி', 'தள்ளு', 'போதும்' என்ற மூன்று சொற்களைக் கொண்டே ஓடுதளத்து வேலையெல்லாம் நடத்திவிடுவார். முதல் நாள் சாயங்காலமே, மறுநாள் மருந்து தெளிக்க வேண்டிய வயல்களைச் சுற்றி வரப்பு மேல் நடந்து பார்ப்பது அவருடைய வழக்கம். அந்தச் சமயம் பம்ப்செட்டுகளுக்காகக் கிராமந்தோறும் மின்சாரக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வாரத்துக்கு முன் வெறும் ஆகாயமாக இருந்த இடத்தில் இன்று கம்பி ஓடும். ஆகையால் கம்பம், பனைமரம், கோவில் கோபுரம் ஆகியவற்றை ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் வரைந்துகொள்வார். அதோடு, பக்கத்து வயல்களில் நாளைக் காலையில் யாராவது வேலை செய்வார்களா என்று என்னிடம் தவறாமல் கேட்பார். தண்டோரா போட்டாயிற்று, ஒருவரும் வரமாட்டார்கள் என்று ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் சொன்னதையே, நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு முதல் நாளும் அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

தண்டோரா போட்டது உண்மை. ஆனால் அது மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் போட்டதோடு நின்றுவிட்டது. வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் குடியிருந்த சேரிக்குள் அந்தப் பறை போகவே இல்லை. போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. மறுநாள் காலை விடிந்தும் விடியாததுமாக, மருந்து தெளிக்க வேண்டிய வயலுக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அப்பால் இருந்த சம்பா நாற்றங்காலில் பதினைந்து இருபது பெண்கள் நாற்றுப் பறிக்க இறங்கிவிட்டார்கள்.

காற்று ஓய்ந்திருக்கும் அதிகாலையில்தான் மருந்து தெளிப்பார்கள் என்பதால், அன்று சூரியன் தென்னைக்கு மேல் வருவதற்கு முன்பே பாதி வயல் முடிந்திருந்தது. இரவு நல்ல இடிமழை பெய்து, ஆகாயம் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருந்தது. நான் கிழக்குக் கோடியில் கொடி பிடித்து நின்றேன். விமானம் என் தலைக்கு மேலாகச் சென்று, எப்போதும்போல் மூக்கைத் தூக்கி எழும்பிய அதே கணத்தில், எஞ்சின் ஒருமுறை விக்கிற்று, மீண்டும் பிடித்து உறுமிற்று, பிறகு அடங்கிவிட்டது. அத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிருந்த காதுக்கு அது நின்றது மாத்திரம் தெரிந்ததே தவிர, என்ன நேர்ந்தது என்று மனசுக்கு எட்டவில்லை. காற்றாடி மட்டும் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. சிறகுகளைக் காற்று அறுக்கும் ஓசை கேட்டது. அப்போதுதான் நாற்றங்காலிலிருந்த பெண்கள் எல்லோரும் ஒருசேர நிமிர்ந்து மேலே பார்த்தார்கள்.

அதன் பின் நடந்தவை பத்து வினாடிகளுக்குள் முடிந்திருக்கும். ஆனால் அவற்றில் ஒவ்வொன்றும் ஏன் அப்படி நடந்தது என்பதை, மாயவரம் ஆஸ்பத்திரியில் நெற்றியில் கட்டோடு படுத்திருந்த விமானியின் வாயால் கேட்ட பிறகுதான் நான் விளங்கிக்கொண்டேன். மூக்கைத் தூக்கி மேலே ஏறும் சமயத்தில் எஞ்சின் நின்றால், விமானத்தின் வேகம் மளமளவென்று குறையும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்துவிட்டால் சிறகு விமானத்தைத் தாங்காது; அது ஒரு பக்கமாகச் சரிந்து தலைகீழாக விழும். ஆகவே, தரை அவ்வளவு அருகில் இருந்தும், மூக்கைத் தரையை நோக்கித் தாழ்த்தியாக வேண்டும். மனித சுபாவம் முழுவதும் அதற்கு விரோதமாகக் கையைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டாவதாக, புறப்பட்ட ஓடுதளத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசையை அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். உயரமில்லாமல் திரும்பப் பார்த்தவர்களில் பிழைத்தவர்கள் குறைவு. எதிரே என்ன இருக்கிறதோ அதிலேதான் இறங்க வேண்டும். மூன்றாவதாக, தொட்டியிலுள்ள மருந்தை உடனே கொட்டிவிட வேண்டும். அதற்கென்றே கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பிடி இருக்கிறது; அதை இழுத்தால் தொட்டியின் அடிக்கதவு திறந்து, சில வினாடியில் பாரம் முழுவதும் இறங்கிவிடும். பாரம் இறங்கினால் விமானம் மெதுவாக இறங்கும், கொஞ்ச தூரம் அதிகமாகவும் போகும். நாற்றங்காலுக்கு அப்பால் தாண்டித் தெரிந்த களத்துமேடு வறண்டு சமமாக இருந்தது. பிடியை உடனே இழுத்திருந்தால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பது அவருடைய கணக்கு.

அவர் இழுக்கவில்லை. கீழே பெண்கள் இருந்தார்கள்.

நாற்றங்காலைத் தாண்டுகிற வரையில் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டே இறங்கினார். அந்த வினாடிகளில் களத்துமேடு கைவிட்டுப் போயிற்று. கடைசிப் பெண்ணும் பின்னால் போன பிறகு பிடியை இழுத்தார். வெள்ளை வெளேரென்று பால் நிறத்தில் ஒரு பெரிய திரை விமானத்தின் வயிற்றிலிருந்து விழுந்து, கதிர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு குறுவை வயலின் மேல் படர்ந்ததை நான் பார்த்தேன். அதற்கு அடுத்த வயலில் விமானம் இறங்கிற்று. சேற்றில் சக்கரம் புதைந்து கவிழ்ந்துவிடும் என்று தெரிந்தே, முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, வாலைத் தாழ்த்தி, பயிரின் மேல் உட்கார வைக்கப் பார்த்தார். பயிர் நுனியைச் சக்கரம் உரசிய சத்தம்கூடக் கேட்டது. பிறகு ஒரு வரப்பில் மோதி, மூக்கு சேற்றில் குத்தி, வால் ஆகாயத்தைப் பார்த்து நின்று, ஒரு கணம் அப்படியே இருந்து, இடது சிறகின் மேல் சாய்ந்து விழுந்தது.

நான் கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்னால் அந்தப் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் நடந்து பழகியவர்களோடு எங்களால் ஓட முடியுமா? விமானி தோள்வாரை அவிழ்த்துக்கொண்டு தாமாகவே வெளியே வந்துவிட்டார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அந்த நிலையிலும் கையை ஆட்டி, யாரும் கிட்டே வரக்கூடாது என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் கத்தினார். தொட்டியில் மிச்சமிருந்தது உடைந்து வழிந்து அவருடைய உடுப்பெல்லாம் நனைந்திருந்தது. எண்டிரின் தோலின் வழியாகவே உடம்பில் ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பெண்களை வரப்பிலேயே நிற்கச் செய்துவிட்டு, நானும் இன்னொருவரும் அவரை வாய்க்கால் மதகுக்கு அழைத்துப்போய், மேற்கேயிருந்து ஓடிவரும் புதுத் தண்ணீரில் உடுப்பைக் கழற்றிப்போட்டு, யாரோ ஓடிப்போய்க் கொண்டுவந்த சன்லைட் சோப்பால் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளிப்பாட்டினோம். கட்டிக்கொள்ள ஒரு பெண் தன் மகனுடைய வேஷ்டியை அனுப்பியிருந்தாள். அவர்களில் மூத்தவளான ஒரு கிழவி, தூரத்தில் நின்றபடியே, "ஏங்கய்யா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் தலைக்கு மேல் என்ன வந்து, என்ன விழாமல் போயிற்று என்பது அவளுக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் நான் சேரிக்குப் போய்ச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்த விபத்தில் உயிர் தப்பியதற்குத் தம்முடைய சாமர்த்தியத்தைவிட விமானத்தின் அமைப்பே பெரிய காரணம் என்றார் விமானி. அது பைப்பர் கம்பெனியாரின் 'பானி' என்ற விமானம். 1921-ஆம் வருஷம் ஆகஸ்ட் 3-ஆம் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில் ஒரு மரத்தோப்பின் மேல் ஈயப் பாஷாணத்தைத் தூவிப் புழுக்களைக் கொன்ற முதல் விமானம், யுத்தத்துக்காகச் செய்த பழைய பயிற்சி விமானம்தான். அதன் பிறகு முப்பது வருஷம் வரையில் இந்த வேலைக்கு வந்தவை பெரும்பாலும் வேறு காரியங்களுக்காகச் செய்தவையே. மருந்துத் தொட்டியை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பொருத்திக்கொள்வார்கள். விமானம் மோதி நிற்கும்போது தொட்டி நிற்காமல் முன்னால் வரும்; அதற்கு முன்னால் விமானி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபிரெட் வீக் என்ற அமெரிக்க எஞ்சினீயர் 1950-களில் டெக்ஸாஸில் இந்த வேலைக்கென்றே விமானம் செய்தபோது, தொட்டியை முன்னாலும் விமானியைப் பின்னால் உயரத்திலும் உட்கார வைத்தார். மோதினால் மூக்கிலிருந்து ஒவ்வொரு பகுதியாக நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்ட பிறகே விமானியை எட்டும்படி அமைத்தார். அந்த ஏற்பாட்டின் வழியில் பிறந்ததுதான் பானி. முகம் தெரியாத ஒரு மனிதர், கடலுக்கு அப்பால் மேஜையில் உட்கார்ந்து கோடு கிழிக்கும்போது, என்றைக்கோ எங்கோ விழப்போகிறவனை நினைத்துக் கிழித்தார் என்பது என்னை மிகவும் உருக்கிற்று, இன்றும் உருக்குகிறது.

எஞ்சின் நின்ற காரணத்தை மறுநாளே கண்டுபிடித்தார்கள். மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிச் சீசாவில் ஊற்றிக் காட்டினார். அந்த எஞ்சினுக்குப் போடும் பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். சீசாவின் மேல்பாதி மாதுளை நிறத்தில் இருந்தது, கீழே இரண்டு விரற்கடை அளவுக்கு நிறமே இல்லாமல் தண்ணீர் நின்றது. பீப்பாய்களைப் படுக்க வைத்து, மூடிகள் பக்கவாட்டில் இருக்கும்படி அடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால், விளிம்புக்குள் மழைத் தண்ணீர் தேங்கும்; பகல் வெயிலில் விரிந்திருந்த உள்காற்று இரவுக் குளிர்ச்சியில் சுருங்கும்போது, மூடியின் திருகு வழியாக அந்தத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஊற்றும்போது வடிகட்டுவதற்கு மெல்லிய தோல் ஒன்று உண்டு. அது பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. தோல் கிழிந்துபோய், மாற்றுத் தோல் வரவில்லை என்று துணியில் வடிகட்டியிருந்தார்கள். ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியார் ஒரு தோலுக்குப் பார்த்த செலவில் ஒரு மனிதன் போயிருப்பான். கூட இருபது பெண்கள் போயிருப்பார்கள்.

விமானத்தை வெளியே எடுப்பது தனிக் கதை. வண்டி மாடுகளைப் பூட்டிப் பார்த்தார்கள். மருந்து நெடிக்கு மிரண்டு அவை வயலில் இறங்க மறுத்தன. கடைசியில் சிறகுகளைக் கழற்றி, உடலுக்கு அடியில் பனஞ்சட்டங்களைக் கொடுத்து, கோவில் தேர்வடத்தைக் கொண்டுவந்து கட்டி, இரண்டு தெருக்காரர்களும் சேரிக்காரர்களுமாகச் சேர்ந்து இழுத்தார்கள். அந்த வடத்தைச் சேரிக்காரர்கள் கையால் தொட்டு நான் பார்த்தது அன்றுதான்.

மருந்து கொட்டிய வயலைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இரண்டு நாளில் பயிர் மஞ்சளித்துத் தீய்ந்துவிட்டது. வடிகாலில் கெளுத்தியும் குரவையும் அயிரையும் வயிற்றைக் காட்டி மிதந்தன. குழந்தைகள் பொறுக்காமல் இருக்க இரவும் பகலும் ஆள் போட்டோம். வைக்கோலைக்கூட மாட்டுக்குப் போடக்கூடாது என்று அதிகாரிகள் உத்தரவிட்டு, பயிரைச் சேற்றிலேயே மடக்கி உழச் சொன்னார்கள். அந்த வயலைச் சாகுபடி செய்தவர் ஒரு குத்தகைக்காரர். மூன்று குழந்தைகளும் வயதான தாயாரும் அவருக்கு. அந்தக் குறுவையை நம்பித்தான் விதைக்கடனும் உரக்கடனும் வாங்கியிருந்தார், வாங்கும்படி சொன்னவனும் நான்தான், திட்டத்தின் சார்பில். கம்பெனியார் நஷ்ட ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நஷ்ட ஈட்டை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டபோது, கிராமக் கணக்கரான கர்ணத்தின் அடங்கலை, அதாவது பயிர்க் கணக்கேட்டைப் பிரித்தார்கள். அடங்கலில் நிலச் சொந்தக்காரர் பெயர் இருந்தது. குத்தகைக்காரர் பெயர் எங்கும் இல்லை. பண்ணையாள், குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் 1952-லேயே தஞ்சாவூருக்கு வந்துவிட்டது என்றாலும், வாய்ச்சொல்லில் நடக்கும் குத்தகைக்குச் சாட்சி ஏது? பணம் சொந்தக்காரருக்குப் போயிற்று. அவர் அதை வாங்கிக்கொண்டு, குத்தகை நெல்லில் பாதியை மட்டும் தள்ளிக்கொடுத்தார். மீதிப் பாதியை விளையாத வயலுக்காக அந்த மனிதர் அளந்தார்.

இதை எதிர்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன், விமானியும் ஒருவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் முதலில் பார்க்க விரும்பியது அந்த வயலைத்தான். குத்தகைக்காரர் வரப்பில் நின்றார், விமானி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "நான் தேர்ந்தெடுத்த இடம் இது, வேறு இடம் எனக்கு இல்லை என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார். நான் சொன்னேன். குத்தகைக்காரர், "பொம்பளைங்க மேல ஊத்தாம வுட்டாரே, அதுல என் கொழுந்தியாளும் இருந்தாங்க" என்றார். விமானி தம்முடைய விபத்து அறிக்கையில் அவர் பெயரை எழுதி, நஷ்டம் அடைந்தவர் இவரே என்று கையெழுத்திட்டார். அந்த அறிக்கை தில்லிக்குப் போயிற்று; அடங்கலை அது மாற்றவில்லை.

விபத்துக்கு மறுநாள் மாலை முதல் தண்டோரா சேரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்தில் உத்தரவு வாங்கினேன். ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, ஆயினும் நடந்தது. அதற்குப் பிறகு, பெட்ரோலைச் சீசாவில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பார்க்காமல் எந்த விமானமும் அந்தத் திடலிலிருந்து எழும்பவில்லை. விமானி அந்தப் பருவம் முடிகிற வரையில் இன்னொரு விமானத்தில் பறந்துவிட்டு வடக்கே போனார்.

1969-இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. குத்தகைக்காரரோடு நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். சொந்தக்காரர் ஆட்சேபித்தும், அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னதில் குத்தகைக்காரர் பெயர் பதிவேட்டில் ஏறிற்று. பழைய நஷ்ட ஈட்டை இப்போதாவது கேட்க வழி உண்டா என்று அங்கேயே விசாரித்தேன். பதிவுக்கு முந்திய காலத்துக்கு அப்படிக் கேட்க விதியில்லை என்றார்கள். அவரிடம் அதைச் சொன்னபோது, தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்; பிறகு, வரப்போகிற தாளடிக்கு எந்த விதை வாங்கலாம், ஒன்றியத்தில் எப்போது கொடுப்பார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார்.